பழைய டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லையா? சுவரிலிருந்து உள்ளே போங்கள்: முழுமையான வழிகாட்டி

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருமுனையில் ஒரு அண்ணன் வாடகைப் பத்திரம் டைப் செய்து கொடுக்கிறார். கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கை ஓடும். ஒரு ஏப்ரல் மாதம் முதல் கோடை மழை கொட்டி, கம்பி மேல் மரக்கிளை விழுந்து, ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. மறுநாள் அவருடைய சிபியூ பெட்டி வேலை செய்யவில்லை. ஆட்டோவில் ஏற்றி ஒரு கடைக்குக் கொண்டுபோனார். "மதர்போர்டு போயிடுச்சு, பழைய மாடல், இனி கிடைக்காது, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"என்ன ஆச்சுண்ணா?" என்று கேட்டேன். "ஆன் ஆகல தம்பி" என்றார். பட்டனை அழுத்திக் காட்டச் சொன்னேன். ஃபேன் சுற்றியது, முன்பக்க விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. அரை மணி நேரத்தில், பத்து ரூபாய் ரப்பர் ஒன்றை வைத்து அதைச் சரிசெய்துவிட்டோம். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. "ஆன் ஆகல" என்பது ஒரு கோளாறின் பெயர் இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்தாறு கோளாறுகளுக்கும் நாம் அதே இரண்டு வார்த்தையைத்தான் சொல்கிறோம். கடைக்காரரும் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார். டெஸ்க்டாப் ஒரே அடியில் உயிர் பெறுவதில்லை. சுவரில் இருந்து வரும் கரண்ட், பெட்டிக்குள் அதை மாற்றித் தரும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகிறது. அது முதலில், எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டுக்கு 5 வோல்ட் மட்டும் அனுப்பிக் காத்திருக்கிறது. பட்டனை அழுத்தியதும் மற்ற வோல்டேஜ்கள் எல்லாம் எழுகின்றன. அவை நிலைத்ததும் எஸ்எம்பிஎஸ் "எல்லாம் சரி" என்று ஒரு சிக்னல் தருகிறது. அதன் பிறகுதான் பிராசஸர் விழித்து, போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸைப் படித்து, தற்காலிக நினைவகமான ரேமைச் சோதித்து, திரையை எழுப்பி, கடைசியில் ஹார்ட் டிஸ்க்கிடம் போகிறது. ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போகிற வேலை இது. எந்தக் கதவில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கு அப்பால் உள்ள எதையும் நீங்கள் தொட வேண்டியதில்லை, வாங்க வேண்டியதும் இல்லை.

எந்த இடத்தில் நிற்கிறது?

பெட்டியைத் திறக்கும் முன் ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனை ஒரு முறை அழுத்தி, காதையும் கண்ணையும் வைத்துக் கவனியுங்கள். ஒரு சத்தமும் இல்லையா? ஃபேன் அரை சுற்று சுற்றி நின்றுவிடுகிறதா? ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறதா? திரையில் வெள்ளை எழுத்து வந்து நிற்கிறதா? விண்டோஸ் வரை போய், பத்து நிமிடம் கழித்து அணைகிறதா? பார்த்ததை அப்படியே எழுதுங்கள். அடுத்து, சமீபத்தில் என்ன மாறியது என்பதையும் எழுதுங்கள்: வீடு மாற்றினீர்களா, இடி விழுந்ததா, புது பென் டிரைவ் போட்டீர்களா, தூசு தட்டினீர்களா. பாதி நேரம் இந்தப் பேப்பரிலேயே விடை இருக்கும்.

ஒரு பழக்கத்தையும் இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ரேமையும் கழற்றி, பேட்டரியையும் மாற்றி, கேபிளையும் பிடுங்கிச் செருகினால் மிஷின் ஓடலாம். எதனால் ஓடியது என்று தெரியாது, அடுத்த மாதம் மறுபடி நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சுவர், பிளக், யூபிஎஸ்

பழைய வீடுகளில் 5 ஆம்பியர் சாக்கெட் தளர்ந்துபோயிருக்கும். பிளக்கைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். 'சிர்ர்' என்று சத்தம் வந்தாலோ பிளக்கின் பின்கள் கருத்திருந்தாலோ அந்த சாக்கெட்டை இனி நம்பாதீர்கள். சாக்கெட்டில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கப் பலரும் போன் சார்ஜரைச் செருகிப் பார்ப்பார்கள். அது போதாது. இன்றைய போன் சார்ஜர் 100 வோல்ட்டிலும் வேலை செய்யும். கோடையில் வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும்போது சார்ஜர் சிரித்துக்கொண்டு எரியும், பழைய எஸ்எம்பிஎஸ் எழாது. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை முழுவதற்கும் அது ஒன்றே போதும். ஏசி வோல்ட்டில் உயர்ந்த அளவில் வைத்துச் சாக்கெட்டை அளந்தால் 230-ஐ ஒட்டி வர வேண்டும். மிகவும் குறைந்திருந்தால், பக்கத்து வீட்டிலும் அப்படியே இருந்தால், பெட்டியை விட்டுவிட்டு, கரண்ட் கம்பெனியான பெஸ்காமின் 1912 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

யூபிஎஸ் இருந்தால் முதல் வேலையாக அதை நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள். சிபியூவை நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரி ஒன்று இருக்கும். அதன் ஆயுள் இரண்டு, மூன்று வருஷம்தான். பேட்டரி செத்த யூபிஎஸ் கரண்ட் இருக்கும்வரை நல்ல பிள்ளையாக இருக்கும். கரண்ட் ஒரு நொடி சிமிட்டினால் கம்ப்யூட்டரோடு சேர்ந்து விழும். "அடிக்கடி தானா ரீஸ்டார்ட் ஆகுது" என்று என்னிடம் வந்த மிஷின்களில் பல, இந்த பேட்டரியை மாற்றியதும் சரியாகிப் போயின.

சிபியூவுக்கும் மானிட்டருக்கும் போகும் பவர் கேபிள்கள் பெரும்பாலும் ஒரே வகை. மானிட்டர் எரிகிறதென்றால் அதன் கேபிளைக் கழற்றி சிபியூவில் மாட்டிப் பாருங்கள், செலவில்லாத சோதனை. பெட்டியின் பின்னால் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் கோடும் வட்டமும் போட்ட சிறு சுவிட்ச் இருக்கும். கோடு பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது மாறியிருப்பதை நான் மூன்று முறையாவது பார்த்திருக்கிறேன். மிகப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சிவப்பு நிறத்தில் 115, 230 என்று இன்னொரு சுவிட்ச் இருக்கும். அது நம் ஊரில் எப்போதும் 230-இல்தான் இருக்க வேண்டும். 115-இல் வைத்து ஆன் செய்தால் உள்ளே வெடித்துப் புகை வரும். குழந்தைகள் நோண்டும் இடத்தில் பெட்டி இருந்தால் அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

பெட்டியைத் தொட்டால் 'சுருக்'கென்று இழுக்கிறதா? அதை அலட்சியப்படுத்தாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இருக்கின்றன. வீட்டில் எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் அது பெட்டியின் தகரத்திலேயே நிற்கும். டெஸ்டர் வைத்தால் மெலிதாக எரியும். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் மாட்டியிருந்தாலும் இதே கதைதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரிசெய்த பிறகு மற்ற வேலையைப் பாருங்கள்.

பெட்டியைத் திறக்கும் முன்

பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதுமாகப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். உள்ளே எதைத் தொடுமுன்பும் பெட்டியின் பெயின்ட் இல்லாத தகரப் பகுதியை ஒரு முறை தொட்டு, உடம்பிலிருக்கும் நிலை மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். கழற்றும் முன் போனில் நாலு கோணத்தில் படம் எடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கலாம். எனக்கு இந்த வேலையில் எத்தனையோ வருஷப் பழக்கம், இன்றும் அதை நான் வீட்டில் திறப்பதில்லை.

ஒரு சத்தமும் இல்லையென்றால்

பிளக்கை மாட்டிவிட்டு, திறந்த பெட்டிக்குள் பாருங்கள். பல மதர்போர்டுகளில் ஒரு சிறு பச்சை அல்லது ஆரஞ்சு விளக்கு, பட்டனை அழுத்தாமலே எரியும். அது எரிந்தால் அந்த முதல் 5 வோல்ட் போர்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது சந்தேகம் முன்பக்கப் பட்டனுக்குப் போகிறது. பத்து வருஷம் தினமும் அழுத்திய பட்டன் அது, தேயாமல் இருக்குமா?

பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டை வயர் மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு சிறு பின்களில் மாட்டியிருக்கும், வயரின் தலையில் பவர் எஸ்டபிள்யூ என்று எழுதியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரே நேரத்தில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். அழுத்த வேண்டாம், முத்தமிடுகிற மாதிரி தொட்டால் போதும். பக்கத்துப் பின்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேன் சுற்றத் தொடங்கினால் கோளாறு பட்டனில் மட்டும்தான். ரீசெட் பட்டனின் வயரை எடுத்து பவர் பின்களில் மாட்டிவிடுங்கள். இனி ரீசெட் பட்டன்தான் உங்கள் பவர் பட்டன். காசில்லாமல் காரியம் முடிந்தது.

தொட்டும் எழவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டில் மாட்டியிருக்கும் அகலமான 24 பின் கனெக்டரைக் கழற்றுங்கள். மிகப் பழைய போர்டில் அது 20 பின்னாக இருக்கும். அதில் பச்சை வயர் ஒன்றே ஒன்று இருக்கும். ஒரு பேப்பர் கிளிப்பை 'ப' வடிவில் வளைத்து, ஒரு முனையைப் பச்சையிலும் மறுமுனையைப் பக்கத்திலுள்ள ஏதாவது கறுப்பிலும் செருகுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை எஸ்எம்பிஎஸ்ஸின் வேறொரு வயரில் மாட்டி வைத்தால் அதற்குச் சுமப்பதற்கு ஏதாவது இருக்கும். பிறகு கையை எடுத்துவிட்டுப் பிளக்கைப் போடுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும்.

சுற்றினால் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் வைத்து, மற்றதை அளந்து பாருங்கள். மஞ்சள் 12 வோல்ட், 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்கலாம். சிவப்பு 5 வோல்ட், 4.75 முதல் 5.25 வரை. ஆரஞ்சு 3.3 வோல்ட், 3.14 முதல் 3.47 வரை. ஊதா வயர் அந்தக் காத்திருக்கும் 5 வோல்ட், கிளிப் இல்லாமலே வர வேண்டும். ஊதாவில் ஒன்றும் வரவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ் முடிந்தது.

ஆனால் கிளிப் சோதனையில் பாஸ் ஆனதாலேயே எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சும்மா நிற்கும்போது 12 வோல்ட் காட்டிவிட்டு, பாரம் ஏறியதும் தொங்கிப்போகும் எஸ்எம்பிஎஸ்கள் நிறைய உண்டு. வயதான எஸ்எம்பிஎஸ் காட்டும் இன்னொரு அடையாளம்: காலையில் முதல் தடவை எழ மறுக்கும், நாலைந்து முறை அழுத்திய பிறகு எழும், ஒருமுறை எழுந்துவிட்டால் நாள் முழுக்க ஓடும். உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர்கள் வற்றத் தொடங்கிவிட்டன என்று பொருள். இன்னும் சில வாரம் ஓடலாம். அந்த வாரங்களை உங்கள் ஃபைல்களை வேறு இடத்தில் எடுத்து வைக்கப் பயன்படுத்துங்கள்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்க எஸ்.பி. ரோடுதான். முழுப் பெயர் சதர் பத்ரப்ப ரோடு. மெட்ரோவில் போனால் சிக்பேட்டையில் இறங்கி நடந்துவிடலாம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே போங்கள். பிராண்டட் கம்பெனிகளின் ஒல்லியான பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் கனெக்டரும் வேறாக இருக்கும், சாதாரணமானது உள்ளே போகாது. கடையில் 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐயும் 16-ஐயும் பெருக்குங்கள், 192 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் சாப்பிடுகின்றன. கையில் தூக்கிப் பார்த்தால் காகிதம் மாதிரி லேசாக இருப்பதை வேண்டாம் என்று சொல்லுங்கள். கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரையும் உத்தரவாதமும் உள்ளதற்கு நாலு காசு கூடக் கொடுக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் சோறு போடுவது இந்தப் பெட்டிதான், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சுற்றி நின்றுவிட்டால்

இங்கே எத்தனை நொடியில் நிற்கிறது என்பது முக்கியம். சரியாக நாலைந்து நொடியில் அணைந்தால் பவர் பட்டன் உள்ளே அழுந்தியபடி சிக்கியிருக்கிறது. பட்டனை நாலு நொடி பிடித்தால் மிஷின் அணைந்துவிட வேண்டும் என்பது விதி, பாவம் அது விதிப்படி நடக்கிறது. பட்டன் வயரைக் கழற்றி ஸ்க்ரூ டிரைவரால் எழுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கண் இமைக்கும் நேரத்தில் நின்றால் எங்கோ ஷார்ட். எஸ்எம்பிஎஸ் தன்னையும் போர்டையும் காப்பாற்றிக்கொள்ள மூடிக்கொள்கிறது. திரும்பத் திரும்பப் பட்டனை அழுத்தாதீர்கள். டார்ச் அடித்து முன்பக்க யூஎஸ்பி துளைகளைப் பாருங்கள், உள்ளே பின் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். போர்டுக்கு அடியில் கழன்று விழுந்த ஸ்க்ரூ இருக்கலாம். எங்கள் பக்கம் பல்லி. சூட்டுக்காக உள்ளே போய், எங்காவது குறுக்கே கிடந்து உயிரை விட்டிருக்கும். பிறகு ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், கிராஃபிக்ஸ் கார்டு, முன்பக்க யூஎஸ்பி வயர் எல்லாவற்றையும் கழற்றி, போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ரேம் மட்டும் வைத்து எழுப்பிப் பாருங்கள். எழுந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டியதும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

அப்படியும் எழவில்லையென்றால் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். பிராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்ன உருளைகள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ போர்டுக்கு வரும் வோல்டேஜ் நிலைக்காது. 2000-களின் தொடக்கத்திலிருந்து 2007 வாக்கில் வரை வந்த பல போர்டுகளில், மோசமான திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்களால் இது உலகம் முழுக்கப் பரவலாக நடந்தது. கை தேர்ந்தவர் ஒருவர் அதே வோல்ட்டும் அதே மைக்ரோஃபாரடும் உள்ள, 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டரைப் போட்டுத் தந்தால் போர்டு மீண்டும் ஓடும்.

ஃபேன் ஓடுகிறது, திரை இருட்டு

என் அனுபவத்தில் அதிகம் வருவது இதுதான், அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான். முதலில் சின்ன விஷயம்: பெட்டியில் தனியாக கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில் மாட்டியிருக்க வேண்டும். மேலே மதர்போர்டில் இருக்கும் அதே மாதிரித் துளையில் மாட்டினால் பெரும்பாலும் படம் வராது. மானிட்டரை வேறு மிஷினில் மாட்டி அது உயிரோடிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அண்ணனின் மிஷினில் செய்தது. பிளக்கைப் பிடுங்கி, ரேமின் இரு பக்கக் கொக்கிகளை வெளியே தள்ளினால் ரேம் தானாக மேலே எழும்பும். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். அடியில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பட்டைகள் பளபளக்க வேண்டும். அவருடையது தேய்ந்த பித்தளைத் தாம்பாளம் போல மங்கி, நடுநடுவே கருந்திட்டாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரை எடுத்து, மேலிருந்து கீழாக, ஒரே திசையில், இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்தேன். ரப்பரின் நுனி கறுத்துப் போனது. "இவ்வளவு அழுக்கா?" என்று அண்ணன் வாங்கிப் பார்த்தார். ரப்பர் துகள்களை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்துக் காயவிட்டோம். ஸ்லாட்டுக்குள் ரப்பரை விடக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது, எச்சில் போய்ச் சேரும். பிறகு ரேமின் பள்ளத்தை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினால் 'டக், டக்' என்று கொக்கிகள் தாமாக மூடிக்கொள்ளும். அந்த இரண்டு சத்தமும் கேட்டால்தான் ரேம் உட்கார்ந்தது. பட்டனை அழுத்தினோம். திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

தினமும் சூடாகவே இருந்த மிஷின், அந்த மழை ராத்திரியில் முழுதாக ஆறியிருந்தது. ஏற்கெனவே மங்கியிருந்த அந்தப் பட்டைகள் அப்போது பிடியை விட்டிருக்க வேண்டும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரேம் செத்திருக்கலாம், ஸ்லாட் செத்திருக்கலாம், இரண்டும் வேறு வேறு.

ரேம் இல்லாமலே ஆன் செய்து கேட்பதும் ஒரு நல்ல சோதனை. போர்டு நல்ல நிலையில் இருந்தால் 'பீப்' என்று விட்டு விட்டுக் கத்தும். கத்தினால் சந்தோஷப்படுங்கள்: பிராசஸர் உயிரோடிருக்கிறது, பயாஸ் ஓடுகிறது, ரேமைத் தேடுகிறது. பல பெட்டிகளில் ஸ்பீக்கரே இருக்காது. எஸ்.பி. ரோட்டில் கட்டை விரல் நகத்தளவு பஸ்ஸர் ஒன்று கிடைக்கும், வாங்கிப் போர்டின் ஸ்பீக்கர் பின்களில் மாட்டிவிடுங்கள். பீப்பின் எண்ணிக்கைக்குப் பயாஸைப் பொறுத்து அர்த்தம் மாறும். பழைய அவார்டு பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் கிராஃபிக்ஸ் பக்கம் கோளாறு. உங்கள் போர்டின் கையேட்டில் பட்டியல் இருக்கும்.

ரேம் இல்லாமலும் மௌனமாக இருந்தால், பிராசஸருக்குப் பக்கத்திலுள்ள 4 பின் மஞ்சள்-கறுப்பு கனெக்டர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றிருந்தால் ஃபேன் ஓடும், பிராசஸருக்கு மட்டும் கரண்ட் போகாது. பார்த்தால் எல்லாம் ஓடுகிற மாதிரியே இருக்கும்.

பட்டன் பேட்டரி

போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரி, பயாஸின் நினைவையும் கடிகாரத்தையும் காக்கிறது. புதிதில் 3 வோல்ட்டும் அதற்குச் சற்று மேலும் காட்டும். 2.8-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை அந்தக் காத்திருக்கும் 5 வோல்ட்டே கடிகாரத்தை ஓட்டும், பேட்டரி செலவாகாது. நாம்தான் ராத்திரி சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள், நம் வீடுகளில் அது சீக்கிரம் தீரும். இடி மழைக்காலத்தில் அணைப்பதே நல்லது, அதை மாற்ற வேண்டாம், பேட்டரியை மாற்றினால் போதும்.

பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னோக்கிப் போய்விடும், எஃப்1 அழுத்தச் சொல்லித் திரை நிற்கும், இணையத்தில் பேங்க் பக்கங்கள் "பாதுகாப்பில்லை" என்று மறுக்கும். சில போர்டுகள் எழவே எழாது. பேட்டரியைக் கழற்றி, பிளக் இல்லாத நிலையில் பத்து நிமிடம் விட்டு, புதியதை மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். இருட்டுத் திரைக்கும் இது ஒரு வைத்தியம்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்திருக்கிறேன். பேட்டரி மாற்றிய பிறகு விண்டோஸ் நீலத் திரை காட்டி, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று எழுதும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். பயாஸில், ஹார்ட் டிஸ்க்கோடு போர்டு பேசும் முறையான சாட்டா மோட் என்பது ஐடிஇ, ஏஹெச்சிஐ இரண்டில் ஒன்றாக மாறியிருக்கும். அதை மற்றதற்கு மாற்றிச் சேமித்தால் விண்டோஸ் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து வரும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தால்

டக்கென்று முழுதாக அணைந்து, சற்று நேரம் கழித்துத்தான் எழுகிறதென்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். பாரம் ஏறும்போது அணைந்து தானாகவே மறுபடி எழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். எப்போதும் பொருந்தும் விதி இல்லை, தொடங்க ஒரு திசை. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் கரண்ட் போனது என்பதை மட்டுமே அது சொல்கிறது, காரணத்தைச் சொல்லாது.

பிராசஸர் ஃபேனுக்கு அடியில், சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் தூசு கம்பளி மாதிரி படிந்திருக்கும். மெட்ரோ வேலையும் கட்டட வேலையும் நடக்கும் தெருவில் இருந்தால் ஆறு மாதத்திலேயே அப்படி ஆகும். பெட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் வெறியாகச் சுற்றிப் பேரிங் கெடும். இன்டெல் பெட்டிகளில் ஹீட் சிங்க் நாலு பிளாஸ்டிக் பின்களில் நிற்கிறது. வருஷம் ஆக ஆக ஒன்று கழன்று ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஆடினால் அதுதான். கழற்றினால், பிராசஸரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்திருக்கும். ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்து, நடுவில் ஒரு துவரம் பருப்பளவு புதியதை வைத்து, நாலு பின்னும் சொடுக்கும்வரை அழுத்துங்கள். பிறகு பயாஸுக்குள் போய் வெப்பநிலையைப் பாருங்கள். 40, 50 டிகிரியில் நின்றால் சரி. இரண்டே நிமிடத்தில் 80-ஐத் தாண்டினால் ஹீட் சிங்க் இன்னும் உட்காரவில்லை.

எழுத்து வந்து நின்றால்

இதுவரை வந்துவிட்டால் பவர் பக்கம் நலம். 'பூட்எம்ஜிஆர் மிஸ்ஸிங்', 'செலக்ட் புராப்பர் பூட் டிவைஸ்' என்று வந்தால் முதலில் பென் டிரைவ் எதுவும் செருகியிருக்கிறதா பாருங்கள், பிடுங்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயாஸில் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் சாட்டா கேபிளை மாற்றி, போர்டில் வேறு துளையில் மாட்டுங்கள்.

டிஸ்க்கில் காதை வைத்துக் கேளுங்கள். 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே தாளத்தில் தட்டினால் உடனே நிறுத்துங்கள். ரிப்பேர், செக் டிஸ்க் எதையும் ஓட்டாதீர்கள், ஒவ்வொரு நிமிடமும் அது மேலும் தேய்கிறது. முக்கியமானது உள்ளே இருந்தால் டேட்டா ரெகவரி செய்பவரிடம் நேராகக் கொண்டுபோங்கள். சத்தம் இல்லாமல் மந்தமாக மட்டும் இருந்தால், வேறு மிஷினில் மாட்டி முதலில் போட்டோக்களையும் ஃபைல்களையும் எடுத்துவிட்டு, மற்றதைப் பிறகு பாருங்கள். டிஸ்க் மாற்றுவதென்றால், சுழலும் தட்டில்லாத சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். பத்து வருஷ மிஷின் அதற்குப் பிறகு வேறு மிஷின் மாதிரி ஓடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய பிராசஸரில், விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸ் மின்ட் நிம்மதியாக ஓடும், தமிழ் டைப்பிங்கும் அதிலேயே இருக்கிறது.

கடைக்குப் போவதென்றால்

பிராசஸர், ஒரு ரேம், நல்ல எஸ்எம்பிஎஸ் மட்டும் வைத்தும் மௌனம், பேட்டரி மாற்றியும் மௌனம் என்றால் போர்டுதான். அப்போது கடைக்குப் போங்கள், அந்தப் பேப்பரோடு போங்கள். "ஆன் ஆகல" என்று சொல்லாமல், "ஊதாவில் 5 வோல்ட் வருது, ஃபேன் ஓடுது, ரேம் எடுத்தாலும் பீப் வரல" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஹார்ட் டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், போர்டைப் பார்க்க அது தேவையில்லை. அதே மாடல் பழைய போர்டு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கலாம், எதிரிலேயே ஆன் செய்து காட்டச் சொல்லி வாங்குங்கள்.

வேலை முடிந்து மூடியை மாட்டும் முன் ஒரு துண்டுச் சீட்டில், பட்டன் பேட்டரி மாற்றிய தேதி, பேஸ்ட் போட்ட தேதி, சாட்டா மோட் எதில் இருந்தது என்ற மூன்றையும் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அண்ணனின் பெட்டியில் அப்படி ஒட்டியிருக்கிறோம். பேட்டரி வரிக்குப் பக்கத்தில் அவரே கன்னடத்தில் ஒன்று எழுதிச் சேர்த்திருக்கிறார்: ரப்பர், மேல் டிராயரில்.